காத்திருந்தவள் மட்டும்தானா?

மாஸ்கோ அறிஞர் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி சங்கக் கவிதைக்குள் பழஞ்சடங்கைத் தேடியவர். 2000இல் வந்த அவரது ஆங்கில நூலில், முல்லைத் தலைவி தன் உடலில் உறையும் ஆபத்தான ஆற்றலைக் கற்பால் அடக்கிக் காத்திருக்கிறாள். தமிழைக் காதலித்த மனிதர்தான். ஆனால் யாருக்கு ஆபத்து?

செக்காலையைச் சுற்றிய நகரத்தார் வீடுகளில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்கள் போனால் திரும்ப மூன்றாண்டு ஆகும். இங்கே இருந்த பெண்கள் செய்தது சடங்கல்ல. சாவியும் கணக்கும் பிள்ளைகளுமாக முழுநேர வேலை. சடங்கென்று வாசித்தால் அவள் ஈராயிரம் ஆண்டுக்கும் அதே திண்ணையில் உறைந்துவிடுகிறாள். யோசிப்பவளாகவோ மாறுபவளாகவோ தெரிவதில்லை.

வெள்ளிவீதியார் காத்திருக்கவில்லை, தேடிப் போனார். அவரைப் போலவே கிளம்பத் துணியும் தலைவியை அகநானூறு 147இல் பாடியவர் ஔவையார். அது பாலைப் பாட்டு, முல்லை அல்ல, இருக்கட்டும். ஒருத்தி போன வழியை இன்னொருத்தி அறிந்திருந்தாள்.