திறந்து பார்க்காமல் கழிக்க வேண்டாம்: பழைய காரின் ஸ்டார்ட்டர் மோட்டார்

ஜொகூரில் குளுவாங்குக்கும் கூலாய்க்கும் இடையே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ரெங்கத்தில் ஒரு பழைய மோரிஸ் மைனர் கிளம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பழுதுபார்க்கலாம். அல்லது அதைக் கழித்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். இரண்டாவது வழியே இன்று சுலபமாகக் கிடைக்கிறது. அதற்கு நியாயங்கள் உண்டு. ஆனால், எந்தச் சோதனையும் செய்யாமல் அந்த முடிவுக்குத் தாவும் பழக்கத்தை ஏற்க முடியாது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர், 1948 முதல் 1971 வரை ஏறத்தாழ 16 லட்சம் தயாரிக்கப்பட்டது. அன்றைய மலாயாவில் ஆசிரியர்களும் தோட்டக் கிராணிமார்களும் ஆசையாய் வாங்கிய கார் அது. அதன் லூக்காஸ் ஸ்டார்ட்டர், திறந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. பின்பக்கத் தகட்டுப் பட்டையின் திருகைத் தளர்த்தினால் நான்கு கார்பன்களும் அவற்றை அழுத்தும் ஸ்பிரிங்குகளும் கண்ணில் படும். பின்முனையில் உள்ள சிறு மூடியை எடுத்தால் சதுரமாகச் செதுக்கிய தண்டு முனை தெரியும். மோட்டாரின் பினியன் பல் எஞ்சினின் ஃபிளைவீல் பல்லில் சிக்கிக்கொண்டால் அந்த முனையில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பியே விடுவித்துவிடலாம். ஒரு வெள்ளி செலவில்லை.

நடப்பிலுள்ள முதல் குறை இங்கேதான் தொடங்குகிறது: கிளம்பாத கார் என்றாலே பழி ஸ்டார்ட்டர் மீது விழுகிறது. ஜொகூரின் மழையிலும் ஈரத்திலும் பேட்டரி முனைகளும், எஞ்சினை பாடியோடு இணைக்கும் எர்த் பட்டையும் பச்சை பூத்துப்போவது சகஜம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். விளக்கு அறவே மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், முனை தளர்ந்திருக்கலாம், அல்லது பினியன் சிக்கியிருக்கலாம். விளக்கு மங்காமல், மோட்டாரும் அசையாமல் இருந்தால் மின்சாரம் மோட்டாருக்குள் பாயவே இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கோளாறு எர்த் இணைப்பில். இவற்றுக்குக் கால் மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் புது மோட்டாரை மாட்டினால், அதுவும் அடுத்த மழையில் படுத்துக்கொள்ளும்.

கோளாறு மோட்டாரில்தான் என்று உறுதியானால், பழுதுபார்ப்பதன் பலம் பெரிது. தேய்வது கார்பனும் வெண்கல புஷ்ஷும்தான். உடலும் காந்தச் சுருளும் பல பத்தாண்டுகள் தாங்கும். அரை நூற்றாண்டுக்கு முன் தொழிற்சாலையில் மாட்டிய அதே மோட்டார் காரோடு இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

ஆனால் பழுதுபார்ப்பு என்ற பெயரில் நடக்கும் எல்லாமே பழுதுபார்ப்பு அல்ல. பினியனை நகர்த்தும் பெண்டிக்ஸின் திருகுத் தண்டில் கிரீஸ் பூசுவது பரவலான தவறு. கிளட்ச் தூளும் தோட்டப் பாதையின் செம்மண் புழுதியும் அதில் ஒட்டி, பினியன் நகராமல் நின்றுவிடும். அதை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினாலே போதும். இன்னொன்று, டைனமோவில் செய்வதுபோல் கம்யூட்டேட்டரின் செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைக் குடைவது. இந்த ஸ்டார்ட்டரில் அப்படிச் செய்யக் கூடாது என்பது லூக்காஸின் தெளிவான அறிவுரை. சில மோட்டார்களில் சுருள் அலுமினியத்தால் ஆனது. அதில் ஈயம் பிடிக்காது. பழைய கார்பனின் வயரைச் சிறிது விட்டு வெட்டி, அந்த நுனியில்தான் புதியதைப் பற்றவைக்க வேண்டும். இவை தெரியாத கையில் கொடுத்தால், நல்ல மோட்டாரும் வீணாகும்.

மாற்றுவதன் பக்கமும் நியாயம் உண்டு. பழைய பெண்டிக்ஸ், சுழலும் வேகத்தில் பினியனை ஃபிளைவீல் பல்லின் மேல் எறிகிறது. ஒவ்வொரு முறையும் மோதல்தான். நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும் என்பதால், ஃபிளைவீலின் ரிங் கியர் அந்த இரண்டு இடங்களில் மட்டும் சிதைகிறது. புதிய கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர், பினியனைப் பல்லுக்குள் தள்ளிய பிறகே முழு வேகத்தில் சுழல்கிறது. எடை குறைவு, இழுக்கும் மின்சாரமும் குறைவு. தினமும் வேலைக்கு ஓட்டும் காருக்கு இது கண்கூடான நன்மை.

ஆயினும் அவசரமாக மாட்டினால் சிக்கல் வரும். பல மைனர்கள் பாசிட்டிவ் எர்த் கொண்டவை; அதாவது, பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தவை. பழைய மோட்டாரில் காந்தம், ஆர்மேச்சர் இரண்டுமே சுருள். மின்சாரம் திசை மாறினாலும் சுழற்சி மாறாது. நிரந்தரக் காந்தம் வைத்த புதிய மோட்டாரோ தலைகீழாகச் சுழலும். பினியன் பல்லின் எண்ணிக்கையும் வடிவமும் ரிங் கியரோடு பொருந்த வேண்டும். மேலும், மலிவான நகல்களுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. கெட்டால் மறுபடியும் முழுதாக மாற்ற வேண்டியதுதான். எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுத்துவிட்டால், திரும்பிப்போக வழியும் இல்லை.

பராமரிப்பு பொருளை மட்டுமல்ல, கைத்திறனையும் காக்கிறது என்பதற்கு இலங்கை சாட்சி. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்லஸ் வேர், இலங்கைக் கூட்டாளியோடு சேர்ந்து 1990-களில் அங்கே மைனரின் பாகங்களைச் செய்ய வைத்தார். கார் பிறந்த நாட்டுக்கே அவை ஏற்றுமதியாயின. பழைய கார்களைக் கைவிடாமல் ஓட்டிய ஊரில்தான் அது சாத்தியமாயிற்று.

நம் ஊர்களில் அந்தத் திறன் சுருங்குவதற்குப் பட்டறைக்காரர் மட்டும் காரணமல்ல. மாட்டிய பொருளுக்கு நாம் மறுபேச்சின்றிப் பணம் தருகிறோம். சோதித்துப் பார்த்த நேரத்துக்குத் தர மனம் வருவதில்லை. அப்படியிருக்க, கார் வயர்மேன் எதற்காக மீட்டரை எடுக்க வேண்டும்? ஆகவே என் தீர்ப்பு இது. சோதனைக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். மோட்டாரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கார்பனும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் புதுப்பியுங்கள். ஆர்மேச்சர் எரிந்திருந்தாலோ, தினசரி ஓட்டம் கட்டாயமானாலோ, எர்த்தையும் பல்லையும் சரிபார்த்து மாற்றுங்கள். மாற்றினாலும் பழைய மோட்டாரைக் கைவிடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்; அதைத் திறந்து பழுதுபார்க்கத் தெரிந்தவர் கிடைக்கும்போது அவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.