எது முதலில் வெளியே வரும்?

தமிழ்நாடு அரசு 2019-ல் கொண்டுவந்த ப்ளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் ‘தரவு அருவமாக்கம்’ என்று ஓர் அத்தியாயம். பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். உள்ளே எப்படி என்பதை மறைத்து, என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்வது, அவ்வளவுதான். பதினேழு வயதில் இது தமிழில் கிடைப்பது சந்தோஷம். ஆனால் ஸ்டாக், க்யூ இரண்டையுமே லிஸ்ட் வைத்து அமைக்கலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, இரண்டு நகரங்களுக்கு இடையே தூரம் கணக்கிடப் போய்விடுகிறார்கள். இரண்டும் லிஸ்ட்தான் என்றால் இரண்டும் ஒன்றா சார் என்று ஒரு பையன் கேட்டால்?

அவனைத் திருப்பூர் காதர்பேட்டைக்கு அனுப்பலாம். பனியன் கடையில் டி-ஷர்ட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். அது ஸ்டாக். (‘ஸ்டாக் இல்லீங்க’ என்பது வேறு ஸ்டாக்.) நடுவிலிருந்து உருவினால் கடைக்காரர் முறைப்பார், கம்ப்யூட்டர் ஸ்டாக்கும் அதற்கு அனுமதிப்பதில்லை. பில் போட நிற்பவர்கள் க்யூ. இன்று ராத்திரி லாரியில் போகவேண்டிய பார்சலை, ஆர்டர் எப்போது வந்திருந்தாலும் முதலில் கட்டுவார்கள். அது ப்ரயாரிட்டி க்யூ. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியலில் வரிசையே கிடையாது, ஒரே மாதிரி பத்துகூட இருக்கும். இதற்கு ‘பேக்’ என்றே பெயர். ‘85 சைஸ் எத்தனை இருக்கு?’ என்றதும் பதில் சொல்கிற நோட்டு, மேப்.

அலமாரி மரமா இரும்பா என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? பார்பரா லிஸ்கோவும் ஸ்டீபன் ஜில்ஸும் 1974-ல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: ஒரு வகை எது என்பதை, அதன்மேல் செய்யக்கூடிய காரியங்களே தீர்மானிக்கின்றன. லிஸ்கோவுக்கு 2008-ம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு.

அலமாரி முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது வேகத்தின் கணக்கு. அதே புத்தகம் கற்றுத்தரும் பைதானில் லிஸ்ட்டின் கடைசி உருப்படியை எடுத்தால் சட்டென்று வந்துவிடும். முதல் உருப்படியை எடுத்தால் மிச்சமிருக்கும் அத்தனையும் ஓரிடம் நகரவேண்டும். ஒரு லட்சம் இருந்தால் நினைத்துப் பாருங்கள். லிஸ்ட் ஸ்டாக்குக்குச் சௌகரியம், பெரிய க்யூவுக்குத் தொல்லை. வித்தியாசம் தெரியாத பையன் பரீட்சையில் பாஸாகிவிடுவான், வேலைக்குப் போய் எழுதும் ப்ரோக்ராம் நொண்டும்.

அடுத்த பதிப்பில் நகரங்கள் இருந்துவிட்டுப் போகட்டும். ‘போட்டு வைத்ததில் எது முதலில் வெளியே வரும்?’ என்று பயிற்சியில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தால் போதும்.