சுவரேறிய மீன்

இங்கிலாந்தின் பழைய மதுக்கடைகள் சிலவற்றில் முன்புறம் வளைந்த கண்ணாடிப் பெட்டிகள் இன்னும் தொங்குகின்றன. உள்ளே காய்ந்த நாணல், பின்னால் வெளிர்நீலப் பூச்சு, நடுவே ஒரு டிரவுட் மீன். பிடித்தவர் பெயர், ஆறு, தேதி, எடை எல்லாம் கண்ணாடியில் தங்க எழுத்தில் இருக்கும். லண்டன் ராட்னர் தெருவில் கடை வைத்திருந்த ஜே. கூப்பர் அண்ட் சன்ஸ் செய்த பெட்டி என்றால் ஏலத்தில் இன்றும் போட்டி உண்டு. வாங்குகிறவருக்குப் பிடித்தவர் யாரென்றும் தெரியாது, அந்த ஆற்றில் அவர் கால் நனைத்திருக்கவும் மாட்டார். அவருக்கு வேண்டியது பெட்டி. பிடித்தவரின் பெருமை ஒரு தலைமுறைகூடத் தாங்குவதில்லை, தச்சுவேலை தாங்கிவிடுகிறது.

புலியைச் சொல்வதுபோல மீனையும் 'பாடம் செய்வது' என்றுதான் சொல்கிறோம். பெரிய டிரவுட் ஒன்று வலைக்குள் வந்ததும் தூண்டில்காரருக்கு எழும் கேள்வி, இது பாடம் செய்யத் தகுமா என்பது. பெரும்பாலும் அளவுநாடாதான் பதில் சொல்கிறது. அமெரிக்க ஆறுகளில் 20 அங்குலம் என்பது பலருக்கும் ஒரு எல்லைக்கோடு. அங்குலத்தை வைத்து இதை முடிவு செய்வது இருக்கிற வழிகளிலேயே மட்டமானது என்பது என் கட்சி.

முதலில், சுவரில் ஏறுவது என்ன என்று பார்க்க வேண்டும். டிரவுட் செத்த சில நிமிடங்களிலேயே நிறம் மங்கத் தொடங்கும். தோலை உரித்துக் காயவைத்தால் மிஞ்சுவது பழுப்பேறிய ஒரு தாள். வயிற்றின் பொன்னிறம், பக்கவாட்டுச் சிவப்புப் பட்டை, கரும்புள்ளியைச் சுற்றிய ஒளிவட்டம் எல்லாம் அதன்மேல் தீட்டிய வண்ணம். கண் கண்ணாடி. உடல் செதுக்கிய நுரைக்கட்டை. தலை காய்ந்து சுருங்கிவிடும் என்பதால் பலர் அதை வெட்டியெடுத்துவிட்டு வார்ப்புத் தலையைப் பொருத்துகிறார்கள். அசல் என்று காட்டப்படும் மீனில் அசலாக இருப்பது தோலும், சில வேளைகளில் துடுப்பும். அந்தத் தோலும் நிம்மதியாக இருக்க விடாது. டிரவுட் கொழுப்பு மிகுந்த மீன். சரியாகச் சுரண்டாமல் விட்டால் ஆண்டுகள் கழித்து எண்ணெய் கசிந்து வண்ணத்தை மஞ்சளாக்கும். துடுப்புகள் விரிசல் விடும். வேலைக்காரர் கைதேர்ந்தவராக இல்லாவிட்டால், பத்தாண்டில் அது மீனைப் பற்றி எதையும் சொல்லாது, அவரைப் பற்றி மட்டும் சொல்லும்.

இவ்வளவு பொய் கலந்த பொருளை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால், நான் நெவாடா மாநிலத்தின் பிரமிட் ஏரியைக் காட்டுவேன். பாலைவனத்தின் நடுவே கிடக்கும் அந்த ஏரியில் லஹோன்டன் கட்த்ரோட் என்ற டிரவுட் வகை பேருருவம் கொண்டு வளர்ந்தது. 1925-இல் ஜான் ஸ்கிம்மர்ஹார்ன் என்பவர் அங்கே பிடித்த 41 பவுண்டு மீன்தான் இன்றுவரை அந்த இனத்தின் உலகச் சாதனை. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே மீன்களின் விதி எழுதப்பட்டுவிட்டது. ஏரிக்கு நீர் தரும் ட்ரக்கி ஆற்றின் குறுக்கே 1905-இல் டெர்பி அணை வந்தது. தண்ணீர் பாசனத்துக்குத் திரும்பியது, ஏரி இறங்கியது, முட்டையிட ஆறேறும் மீன்களுக்கு வழி அடைபட்டது. 1940-களின் தொடக்கத்தில் ஏரியின் பூர்வீக மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1970-களில், யூட்டா எல்லையோரம் பைலட் பீக் என்ற மலையின் சிற்றோடை ஒன்றில் சிறிய கட்த்ரோட் மீன்கள் இருப்பது தெரியவந்தது. யாரோ எப்போதோ கொண்டுபோய் விட்டவை. பிரமிட் ஏரிப் பேருருவங்களின் வாரிசா இந்தக் குட்டிகள்? பார்த்தால் நம்ப முடியாது, ஓடையின் அளவுக்குத்தான் மீன் வளரும். பின்னாளில் மரபணு ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய ஏரி மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உறவு உறுதியானது. 2006 முதல் அந்த வம்சத்துக் குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. சில ஆண்டுகளில் 20 பவுண்டைத் தாண்டிய மீன்கள் தூண்டிலில் ஏறின. நூறாண்டுக்கு முன் எவரோ காய்ந்த தோலைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால் ஒரு வம்சத்துக்கு அதன் பெயர் திரும்பக் கிடைத்தது.

ஆகவே என் கணக்கில் பாடம் செய்த மீன் ஓர் ஆவணம். எந்த நீர், எந்த நாள், எந்த வம்சம் என்று சொன்னால் அதற்கு மதிப்பு. பெயர்ப்பலகை இல்லாத முப்பது அங்குல மீன் வெறும் அலங்காரம். இடமும் தேதியும் எழுதிய பன்னிரண்டு அங்குல மீன், அந்த ஓடை வற்றிய பிறகு விலைமதிப்பற்றது.

இங்கேதான் சிக்கல். எந்த மீன் ஆவணமாகத் தகுமோ, அதைத்தான் கொல்லக் கூடாது. காட்டாற்றில் தானே பிறந்து, கொக்குக்கும் வெள்ளத்துக்கும் தப்பி வளர்ந்த பெரிய பெண் டிரவுட் கிலோ எடைக்கு ஏறக்குறைய 1,500 முதல் 2,000 முட்டைகள் இடும். நல்ல தூண்டில் மீனை ஒருமுறை மட்டும் பிடிப்பது வீண் என்று அமெரிக்கத் தூண்டில் எழுத்தாளர் லீ வுல்ஃப் 1939-இலேயே எழுதினார். அன்று அது விசித்திரமாகக் கேட்டிருக்கும், இன்று பல ஆறுகளில் பிடித்த மீனை விட்டுவிடுவதே வழக்கம். இன்னொன்று, கொல்வதா விடுவதா என்பதைக் கையில் மீன் துடிக்கும்போது யோசிக்கக் கூடாது. அளந்து, படமெடுத்து, நண்பரிடம் கேட்டு, பிறகு மனமிரங்கி விடப்பட்ட மீன் பல நேரம் நூறடி தள்ளிப் போய் மல்லாந்துவிடும். அந்த இரக்கம் யாருக்கும் உதவாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு கையில் இருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்தது கண்ணாடியிழை வார்ப்பு. நீளம், சுற்றளவு, நாலு படம் கொடுத்தால் போதும், மீன் ஆற்றுக்குத் திரும்பிவிடும். எடைக்கும் கணக்கு உண்டு. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் பவுண்டு கிடைக்கும். 24 அங்குல நீளமும் 13 அங்குலச் சுற்றளவும் உள்ள மீன் ஐந்து பவுண்டுக்குச் சற்று மேல். வார்ப்பு எண்ணெய் கசியாது, பூச்சி அரிக்காது. குறை என்னவென்றால், அச்சு வேறொரு மீனுடையது. உங்கள் மீனின் அளவுக்கு நெருங்கிய உடலை எடுத்து உங்கள் படத்தைப் பார்த்து வண்ணம் பூசுகிறார்கள். அது ஓவியம், அதில் தவறில்லை. ஆனால் 22 அங்குலம் பிடித்தவர் 26 அங்குலம் கேட்டாலும் அனுப்பிவிடுவார்கள். கையை விரித்துக் காட்டும் பழைய பழக்கத்துக்கு இப்போது கண்ணாடியிழையும் துணை.

அங்குலத்தின் மேல் எனக்குள்ள அவநம்பிக்கைக்கு இன்னொரு காரணம், சாதனைப் பட்டியலே. வானவில் டிரவுட்டின் உலகச் சாதனை 48 பவுண்டு, 2009-இல் கனடாவின் டீஃபன்பேக்கர் ஏரியில் பிடிபட்டது. அந்த ஏரியின் பூதங்கள் பண்ணையிலிருந்து தப்பிய, குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்றாக உள்ள மும்மடி மீன்கள். மலடு என்பதால் முட்டைக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் சதையாகிவிடுகிறது. பழுப்பு டிரவுட்டின் சாதனை, 2020-இல் நியூஸிலாந்தின் ஓஹாவ் கால்வாயில் கிடைத்த 44 பவுண்டு 5 அவுன்ஸ். அங்கே சால்மன் பண்ணைகளிலிருந்து சிதறும் தீவனத்தைத் தின்றே மீன் கொழுக்கிறது. பிடித்தவர்களின் திறமையைக் குறை சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், மலட்டு மீனைக் கொன்றால் ஆற்றுக்கு ஒரு முட்டைகூட நட்டமில்லை. குற்றவுணர்வே இல்லாமல் பாடம் செய்யக்கூடிய மீன், ஆவணமாக மிகக் குறைவாகவே பேசும் மீனாகவும் இருக்கிறது.

நீலகிரி டிரவுட்டையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரர் தம் பொழுதுபோக்குக்காகக் கடல் கடந்து முட்டை வரவழைத்து, அவலாஞ்சியில் பொரித்து, மலை ஓடைகளில் விட்ட வந்தேறி அது. அதைக் கொன்று பாடம் செய்தால் இயற்கைக்குத் துரோகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு காலத்தின் ஆசையை அந்தத் தோல் சொல்லும். பூர்வீக மீனின் கதை வேறு. அதே மலையின் மறுபக்கத்தில் ஓடும் கபினியில் 1946-இல் 120 பவுண்டு மஹசீர் பிடித்த டி வெட் வான் இங்கன், மைசூரில் புலிகளைப் பாடம் செய்த புகழ்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தத் திமில் மஹசீர் எந்த இனம் என்பது 2018-இல்தான் அறிவியல்படி உறுதியானது.

கொன்ற மீனுக்கு நியாயம் செய்த ஒரு கதை டிரவுட்டின் உறவான சால்மனிலிருந்து கிடைக்கிறது. 1922 அக்டோபர் 7 அன்று ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலண்டைன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடி 64 பவுண்டு சால்மனைக் கரையேற்றினார். பிரிட்டனில் தூண்டிலில் சிக்கிய சால்மன்களில் அதை மிஞ்சியது இன்றுவரை இல்லை. பெர்த் நகர மல்லாக் கடையில் அதன் உருவத்தை வார்ப்பெடுத்தார்கள். மீன் பெர்த் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளின் தட்டில் முடிந்தது.

அந்த வார்ப்பில் இல்லாத ஒன்றை இன்று சேர்க்கலாம் என்பது என் யோசனை. செதில்களைக் காகித உறையில் காயவைத்து ஆண்டுக்கணக்கில் சேமிப்பது மீன் ஆய்வாளர்களின் நெடுநாள் வழக்கம். மர வளையம்போல் செதிலின் வளையத்தை எண்ணி வயது சொல்வார்கள், பழைய செதிலிலிருந்து மரபணுவும் எடுப்பார்கள். மீனை நீரைவிட்டுத் தூக்காமல், கத்தி முனையால் பக்கவாட்டில் நாலைந்து செதிலை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். வார்ப்பு சுவருக்கு வரட்டும், நீளம் உண்மையாக இருக்கும்வரை எனக்கு ஆட்சேபணை இல்லை. பலகையின் பின்புறம், யாருக்கும் தெரியாத இடத்தில், ஆற்றின் பெயரும் தேதியும் பென்சிலில் எழுதிய அந்தச் சின்ன உறையை ஒட்டிவைக்க வேண்டும்.