புட்டுக்குழலும் பொம்மை விளையாட்டும்

போன மாதம் நாகர்கோவில் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் இல்லை சார், வீடியோ கேமில். உள்ளே வந்த மச்சினர் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"என்னவே மாப்ள, வயசு நாப்பத்தஞ்சாச்சு. சின்னப் பயலுவ செய்யுத காரியத்த நீரு செய்யுதீரு?"

நீங்களும் கேம் ஆடுகிறவர் என்றால் இந்த வசனம் உங்களுக்குப் பழகியிருக்கும். முன்பெல்லாம் நான் பட்டியலோடு பாய்வேன். 'இது "வெண்பா". 2023 ஜூலையில் வந்தது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருது, சிறந்த அறிமுக கேம் என்று...' பாதியிலேயே கொட்டாவி வந்துவிடும் எதிராளிக்கு. விருதைக் காட்டி யாரையும் ரசிக்க வைக்க முடியாது.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? மச்சினர் தினமும் சாயங்காலம் சீட்டாடப் போகிறவர். அதைக் குழந்தைத்தனம் என்று யாரும் சொன்னதில்லை. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்தவர்களைக்கூட நாம் 'சூதாடி' என்று திட்டினோமே தவிர, 'சின்னப்பிள்ளை' என்று சிரிக்கவில்லை. (அந்த மாதிரிப் பண விளையாட்டுகளைத் தடுக்க 2025ல் நாடாளுமன்றம் சட்டமே போட வேண்டியிருந்தது.) நான் பி.காம். படித்தவன், என் கணக்கு இப்படித்தான் வருகிறது: பாக்கெட்டிலிருந்து காசு போனால் பெரியவர்கள் ஆட்டம், போகாவிட்டால் பிள்ளைகள் ஆட்டம்!

சரி, வெண்பாவுக்கு வருவோம். எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதி, வெண்பாவும் பாவலனும். அங்கே பிறந்து வளரும் பையன் கவின். அம்மா கொடுத்த சமையல் நோட்டு ஒன்று வெண்பாவிடம் இருக்கிறது. கிழிந்து, எழுத்து அழிந்துபோன நோட்டு. விட்டுப்போன வரியை நாம்தான் யோசித்து, சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பது ஒரு புதிர். பையன் பீட்சா கேட்க, அம்மா புட்டு அவிப்பது இன்னொன்று. துப்பாக்கி, கார் ரேஸ் எதுவும் கிடையாது. பிள்ளை தன் மொழியை விட்டு மெல்ல மெல்ல விலகிப் போவதை ஒரு தாய் அடுப்படியில் நின்று பார்க்கிறாள். இதில் சின்னப்பிள்ளைகளுக்கு என்ன புரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. தப்பாகச் செய்தாலும் நஷ்டமில்லை, திரும்ப ஆரம்பிக்கலாம். நிஜ அடுப்படியில் அப்படியா? வருஷங்களைத் தாவித் தாவிப் போகிற அவசரத்தில் பாவலன் மனசுக்குள் நம்மால் சரியாக நுழைய முடியவில்லை. வெண்பாவோ நம் தெருக்காரி மாதிரி ஆகிவிடுகிறாள்.

அன்றைக்கு மச்சினரோடு நான் வாதாடவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"லேய், மொதல்ல சில்லப் போடுடே! இல்லேன்னா மாவு பூரா குடத்துக்குள்ளல்லா விழும்!"

பெரியம்மை. எழுபத்தெட்டு வயசு. மகன் மெல்போர்னில். பேரன் போனில் 'ஹாய் ஆச்சி' என்பான். அதற்கு மேல் பேச இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை இல்லை. கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குழலுக்குள் ஓட்டைச் சில்லு போட்டேன். மாவும் தேங்காய்ப்பூவும் எப்படிப் போடவேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் பட்டனை அழுத்தினேன். வசனங்களை வாசித்துச் சொன்னேன்.

"அந்தப் பயலுக்குத் தமிழ் தெரியுமாடே?"

"தெரியும் பெரியம்மை. பேசத்தான் மாட்டான்."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மச்சினர் மனசு மாறவில்லை. 'நல்ல கூத்து' என்று சொல்லிவிட்டுச் சீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகட்டும். மறுநாள் காலையில் நான் பல் துலக்கி முடிப்பதற்குள் பெரியம்மை ஸ்டூலை டி.வி. முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்.

"அந்தப் பயலுக்க கதையில மிச்சத்தையும் வையி மக்கா. அவன் அம்மையப் பாக்க வந்தானா, இல்லியா?"