இந்தித் திரைப்பாடலும் மக்கள் சுவையும்

பலரால் விரும்பப்படுவது உயர்ந்ததாதல் அரிது என்பது கற்றோருட் சிலர் கொள்கை. பலர் விரும்புதலே உயர்வுக்குச் சான்று என்பது வணிகர் கொள்கை. இரண்டும் ஆராயும் தொல்லையை நமக்கு நீக்கிவிடுவன. ஆதலின் இரண்டும் ஐயுறத்தக்கன. இந்தித் திரைப்பாடல்கள் பெற்ற பெருஞ்செல்வாக்கு இவ்விரு கொள்கைகளையும் உரைத்துப் பார்த்தற்கேற்ற கல்லாகும்.

இந்திப்படம் பேசத் தொடங்கிய அன்றே பாடவுந் தொடங்கிற்று. 1931 இல் வெளிவந்த 'ஆலம் ஆரா' ஏழு பாடல்களைக் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் வந்த 'இந்திரசபா'வில் எழுபது பாடல்கள் வரை இருந்தன. பார்சி நாடக மேடையிலிருந்து வந்த மரபு இது. பாட்டின்றி ஆட்டமில்லை எனக் கண்ட நம் கூத்து மரபினர்க்கு இதில் வியப்பில்லை.

1952 இல் இந்திய நடுவணரசின் செய்தி, ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசை சாத்திரிய இசையைக் கெடுக்கின்றதெனக் கருதி, அகில இந்திய வானொலியில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தார். படத்தயாரிப்பாளரோடு பிணக்கு நேர்ந்தது. அந்நிலையங்களில் திரைப்பாடல் அருகிற்று. மக்கள் செவியோ கொழும்பை நோக்கித் திரும்பிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. அமீன் சயானியின் குரல் பம்பாயிற் பதிவாகி, கொழும்பிலிருந்து சிற்றலை வழியே இந்தியாவெங்கும் பரவிற்று.

இனி, அமைச்சர் அஞ்சிய சுவைக்கேடு உண்மையா என்பதை நோக்குவாம். அதே 1952 இல் வெளிவந்தது 'பைஜு பாவ்ரா'. அக்பர் அவைக்களத்தில் தான்சேனோடு பைஜு இசைப்போர் புரியும் கதை அது. இசையமைத்த நௌஷாத் இராகங்களையே அடிப்படையாகக் கொண்டார். போட்டிப் பாடலில் தான்சேனுக்காக அமீர்கானும் பைஜுவுக்காக டி. வி. பலுஸ்கரும் தேசி இராகத்திற் பாடினர். இருவரும் சாத்திரிய இசையில் முதல்வரிசையினர். முகம்மது ரஃபி தர்பாரியிலும் மால்கௌன்ஸிலும் பாடிய பாடல்கள் எங்கும் ஒலித்தன. மால்கௌன்ஸ் நம் இந்தோளத்துக்கு நேரானது. அரியைக் காண ஏங்கும் அப்பத்திப் பாடலை இயற்றிய ஷகீல் பதாயூனி, இசையமைத்த நௌஷாத், பாடிய ரஃபி ஆகிய மூவரும் இசுலாமியர். கேட்டோர் அப்பாடலைத் தமதாகவே ஏற்றனர். இராகத்தின் பெயரறியாத வண்டியோட்டியும் அதன் உருவை நெஞ்சிற் பதித்துக்கொண்டான். சுவை கெட்ட மக்கள் என இவர்களைச் சொல்லுதல் பொருந்துமா?

ஆயினும் இப்பாடல்களின் குறையையும் கூறல் வேண்டும். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சிறிதே மிகுதியான நேரத்தையே கொள்ளும். இராகத்தை மெல்ல மெல்ல மலர்த்தும் ஆலாபனைக்கு ஆங்கு இடமில்லை. திரைப்பாடல் இராகத்தின் முகத்தைக் காட்டும். அதனோடு நெடிது பழகவிடாது. இன்னும், மெட்டை முன்னர் அமைத்துச் சொல்லைப் பின்னர் இட்டு நிரப்பும் வழக்கம் வலுத்தமையால், பொருளற்ற பாடல்களும் பலவாயின. செல்வாக்குப் பெற்றவை யாவும் 'பைஜு பாவ்ரா'வின் வரிசையில் வைக்கத்தக்கன அல்ல.

எனினும் இக்குறைகளைத் தடை தீர்க்கவில்லை. 1957 இல் அகில இந்திய வானொலியே 'விவித பாரதி'யைத் தொடங்கித் திரையிசைக்கு இடமளித்தது. விலக்கப்பட்ட ஐந்தாண்டில் நல்ல பாட்டையும் தீய பாட்டையும் பிரித்தறியும் பயிற்சியை மக்களுக்கு அளிப்பார் இலர். எல்லாம் ஒருங்கே ஒதுக்கப்பட்டன. இதுவே அன்று நேர்ந்த பெரும்பிழை. மக்கள் விரும்பும் பாடல்களுள் ஒவ்வொன்றையும் செவிகொடுத்துக் கேட்டு, இதன் இராகம் இன்னது, சொல் இத்தகையது, இவ்விரண்டும் இசைந்தன அல்லது இசையவில்லை எனக் காரணங் காட்டுதலே திறனாய்வோன் கடன். அக்கடனை அவன் ஆற்றாதவிடத்து, தரத்தை அளக்கும் கோல் விற்பனையாளன் கைக்குச் சென்றுவிடும்.