நிய்யத்தும் எழுத்தும்

நோக்கம் தூயதாக இருந்தால் எழுத்தும் தானே சிறந்துவிடும் என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நிய்யத்தைப் பற்றிய நபிமொழியையே தம் தொகுப்பின் முதலில் வைத்தார்கள். அதனைத் துணைக்கழைத்து, சமுதாயத்தைத் திருத்தவே பேனா பிடித்ததாக முன்னுரையில் எழுதிவிட்டால் உள்ளே கதை எப்படி இருப்பினும் குற்றமில்லை என்று எண்ணுவோர் உளர். தொழுகைக்கு நிய்யத் இன்றியமையாததுதான். ஆனால் நிய்யத் செய்துவிட்டு ருகூவும் ஸுஜூதும் இன்றிப் பாயைச் சுருட்டியவரைத் தொழுதவர் என்று நாம் சொல்வதில்லையே!

உமறுப் புலவரை எண்ணிப் பார்ப்போம். பெருமானார் (ஸல்) அவர்கள் மீது கொண்ட பேரன்பு அக்காலத்தில் எத்தனையோ நெஞ்சங்களில் நிறைந்திருந்தது. சீறாப்புராணமோ ஒருவரிடமிருந்துதான் பிறந்தது. கடிகைமுத்துப் புலவரிடம் கற்ற தமிழ் அந்த அன்புக்கு உடல் தந்தது. அது 5027 விருத்தங்களாய் விரிந்தது. அரபு நாட்டைப் பாட வந்தவர் மழையும் ஆறும் வயலும் கொண்டு நாட்டுப் படலம் அமைக்கின்றார். பாலைவனத்தில் வயல் ஏது என்று நகைப்போர் உண்டு. (அவர்கள் அப்படலத்தை முழுதும் படித்தார்களா என்பது ஐயமே.) காப்பியம் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு எவ்வாறு பாடினால் அந்நாடு பெருமையுறும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார்.

போற்றும் நூலுக்கு இது பொருந்தும். குறை காட்டும் நூலுக்கு? தோப்பில் முகம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. மலையாளவழிக் கல்வி பெற்று, வணிகத்தில் வாழ்ந்தவர் அதன் ஆசிரியர். ஊரையே ஆட்டிவைக்கும் முதலாளி ஒருவர் அதில் வருகின்றார். அவரைக் கொடியவராக மட்டும் தீட்டி ஓர் அறிவுரையும் சேர்த்திருந்தால் வேலை எளிதில் முடிந்திருக்கும். மீரான் அவ்வாறு செய்யவில்லை. முதலாளியின் செல்வாக்குச் சரியும்போது நம்மால் மகிழ முடிவதில்லை, மனம் கனக்கின்றது. எழுதுகையில் ஆசிரியரின் கருத்து தம் கோபத்தின் மீது இல்லை, அம்மனிதரின் மீதே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் இல்லங்களில் ஒரு பெண்பிள்ளை கதை எழுதினால் பெரியவர்கள் முதலில் கேட்பது, “இது யார் வீட்டுக் கதை?” என்பதே. அவளும் விரைவில் கற்றுக்கொள்கிறாள். அடுத்த கதையில் எல்லாரும் நல்லவர்கள். தவறியவர் இறுதிப் பத்தியில் திருந்திவிடுவார். இதழ்கள் சிலவும் அதையே விரும்பி ஏற்கின்றன. இப்படிக் கருகிய கதைகளுக்குக் கணக்கு யாரிடம்?

மாமியின் கொடுமையை எழுத அமரும் பெண், அந்த மாமி ஸுபுஹுக்கு எழும்போது முழங்கால் வலியால் சுவரைப் பற்றிக்கொள்வதையும் எழுதட்டும். அதனால் கண்டனம் வலுவிழக்குமோ என்று அவள் அஞ்ச வேண்டியதில்லை. கதையைப் படிக்கும் வேறொரு மாமி அந்த வரியில்தான் தம்மை அடையாளம் காண்பார்.