கோடு என்று நாம் நம்புவது

கணிப்பொறித் திரையில் கோடு கிடையாது. கட்டங்கள்தான் உண்டு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போகிற நேர்கோடு பெரும்பாலும் கட்டங்களின் மையம் வழியாகப் போவதில்லை; எந்தக் கட்டம் கோட்டைச் சேர்ந்தது, எது விலக்கப்படுவது என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். அரசியல் இங்கேயே தொடங்கிவிடுகிறது என்று எனக்குப் படுகிறது.

அப்படித் தீர்மானிக்கும் விதி ஒன்றை 1962இல் ஐபிஎம்மில் இருந்த ஜாக் பிரெசன்ஹாம் எழுதினார். 1965இல் அச்சில் வந்தது. திரைக்காக அல்ல, பேனாவை நகர்த்திப் படம் வரைகிற கருவிக்காக. வகுத்தல், பின்னம் எதுவும் வேண்டாம். முழு எண்களைக் கூட்டிக் கழித்தால் போதும். வலப்புறம் ஐந்து, மேலே இரண்டு என்று போகும் கோட்டை எடுத்துக்கொள்வோம். பிழைக்கணக்கு −1இல் தொடங்கும். எண் குறையாக இருந்தால் அதே வரிசையில் நகர்ந்து 4 கூட்ட வேண்டும். மிகையானால் ஒரு படி ஏறி 6 கழிக்க வேண்டும். கட்டங்களின் உயரம் 0, 0, 1, 1, 2, 2 என்று வருகிறது. கடைசியில் கணக்கு மறுபடி −1க்கே வந்து நிற்கிறது! உண்மையிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதை ஒவ்வோர் அடியிலும் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற பிரதி இது. நம்முடைய யதார்த்தவாத நாவல்களில் இந்த நேர்மையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் விதி நேர்மையாக இருந்தால் மட்டும் போதுமா? கிடையாக ஐந்து போகும் கோட்டுக்கு 6 கட்டம். மூலைவாக்கில் ஐந்துக்கு ஐந்து போகும் கோடு அதைவிட ஏறக்குறைய 41 சதவீதம் நீளம். அதற்கும் அதே 6 கட்டம்தான். அதனால் சாய்ந்தது மங்கித் தெரியும். எல்லோருக்கும் ஒரே விதி, பாரபட்சமே இல்லை. (தகுதி, திறமை என்று பேசுகிறவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள்.)

படிக்கட்டு போன்ற விளிம்பு தெரியாமலிருக்க, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டுக்கு வெளிச்சத்தைப் பங்கிடும் வேகமான முறை ஒன்றை 1991இல் ஷியாவோலின் வூ கொடுத்தார். கண்ணுக்கு இதம்தான், மறுக்கவில்லை. தீர்மானம் நடந்த தடயமும் அத்தோடு அழிந்துபோகிறது.

1981இல் வந்த ஐபிஎம் கணிப்பொறியின் வண்ண அட்டை ஓர் எழுத்துக்கு 8க்கு 8 கட்டம் ஒதுக்கியது. ஆங்கிலத்தின் எச், எல், டி எல்லாம் அதில் சும்மா உட்கார்ந்துகொள்ளும். மூன்று சுழி 'ண'வை அதில் போட்டுப் பாருங்கள். கோட்டுக்குக் கோடு நடுவில் வெள்ளை விட்டால் வளைவுக்கு இடமில்லை. வளைத்தால் சுழிகள் ஒட்டிக்கொண்டு 'ன'வா 'ண'வா என்றே தெரியாது. உடனே எழுத்து சிக்கலானது, சீர்திருத்து என்று ஆரம்பித்துவிடுவோம். இன்றைய கைபேசித் திரையில் அதே 'ண' மூன்று சுழியோடும் தெளிவாக நிற்கிறது. கட்டங்கள்தான் பெருகியிருக்கின்றன, எழுத்து மாறவில்லை.